ஒத்தப் பாறைக்கு மேற்கே

நான் படித்தது பி.காம். பார்ப்பது பேங்க் உத்தியோகம். சரித்திரத்துக்கும் எனக்கும் இருந்த பந்தம் பத்தாம் கிளாஸ் பரீட்சையோடு தீர்ந்தது என்றுதான் நினைத்திருந்தேன். அதை மறுபடி ஆரம்பித்து வைத்தவள் என் பதினொரு வயது மகள். அதுவும் ஒரு கல்லறைத் தோட்டத்தில்! (தங்கமணி இந்த வரியைப் பார்த்தால், "வெள்ளிக்கிழமையும் அதுவுமா என்ன பேச்சு இது" என்பாள். சொல்ல வந்த விஷயமே அதுதான், என்ன செய்ய?)

நாங்கள் இருப்பது இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில், டெவன் பக்கம். வீட்டிலிருந்து காரில் கொஞ்ச நேரம் போனால் டார்ட்மூர். மரம் மட்டை அதிகம் இல்லாத, எப்போது பார்த்தாலும் ஈரமாகவே இருக்கிற மேட்டு நிலம். முதல் தடவை பார்த்தபோது, தேயிலையைப் பிடுங்கிவிட்ட மூணாறு போல இருக்கிறதே என்று தோன்றியது.

இங்கே 'லெட்டர்பாக்ஸிங்' என்று ஒரு விளையாட்டு உண்டு. 1854-ல் சாக்ஃபோர்டு என்ற ஊரைச் சேர்ந்த ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி ஆரம்பித்தது. டார்ட்மூரின் வடக்கே கிரான்மியர் குளம் என்று ஓர் இடம். பேர்தான் குளம், உள்ளே சேறுதான். அங்கே போய்ச் சேருவது அந்தக் காலத்தில் பெரிய காரியம். போனவர்கள் "நானும் வந்தேன்" என்று தங்கள் பெயர்ச்சீட்டைப் போட்டுவிட்டு வருவதற்காக பெரட் ஒரு பாட்டிலை வைத்தார். பிறகு ஆட்கள் தங்கள் விலாசத்தையே எழுதித் தபால் அட்டை போட்டுவிட்டு வந்தார்கள். அடுத்து வருகிறவர் அதை எடுத்துக்கொண்டு போய் ஊரில் தபாலில் சேர்ப்பார். லெட்டர்பாக்ஸ் என்ற பெயர் அப்படி வந்தது. பின்னாளில் பாட்டில் போய் டப்பா வந்தது. டப்பாவுக்குள் ஒரு ரப்பர் ஸ்டாம்பும் ஒரு நோட்டும் இருக்கும். தேடிப் போகிறவர் கையிலும் சொந்த ஸ்டாம்பும் நோட்டும் இருக்கும். அவர் முத்திரையை டப்பா நோட்டில் பதித்து, டப்பாவின் முத்திரையைத் தன் நோட்டில் பதித்துக்கொண்டு, எல்லாவற்றையும் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வர வேண்டும். 1998-ல் அமெரிக்காவில் ஸ்மித்ஸோனியன் பத்திரிகை இதைப் பற்றி எழுத, அங்கேயும் பற்றிக்கொண்டது. பரிசு கிரிசு ஒன்றும் கிடையாது. முத்திரைதான் பரிசு. பேங்க்காரனுக்குப் பிடிக்காமல் இருக்குமா? எங்கள் பிழைப்பே சீல் குத்துவதுதானே :-)

டப்பா எங்கே என்று யாரும் நேரடியாகச் சொல்ல மாட்டார்கள். குறிப்புதான் தருவார்கள். அதிலேயே ஒரு கிளை, பழைய கல்லறைத் தோட்டங்கள் வழியாகப் போகிற தேடல். 'வாசலில் நுழைந்து கடலில் இறந்த மாலுமியைக் கண்டுபிடி. அவன் வயதின் இரண்டு எண்ணையும் கூட்டு. அத்தனை எட்டு யூ மரத்தைப் பார்த்து நட' என்கிற மாதிரி. கல்லறையில் எதையும் வைக்கக் கூடாது, பழைய கற்குவியலையும் சுவரையும் தொடவே கூடாது என்பது ஒழுங்கு. டப்பா எங்கேயோ வெளியேதான் இருக்கும். ஆனால் அதைக் கண்டுபிடிக்க நான்கு கல்லையாவது குனிந்து படித்தாக வேண்டும். யார், எந்த வருஷம், யாருடைய மனைவி, எந்த வயது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு போன மகள் இதில் அப்படியே விழுந்துவிட்டாள். அழிரப்பரில் யானை செதுக்கி ஸ்டாம்பும் செய்துகொண்டாள்.

லீவுக்கு ஊருக்குக் கிளம்பும்போது கேட்டாள். "அப்பா, நம்ம ஊர்ல இந்த மாதிரி கல்லறை இருக்கா?"

இருக்கிறதே என்றேன், யோசிக்காமல்.

நம்ம ஊர் என்றால் எனக்கு மூணாறு பக்கம், தேவிகுளத்தை ஒட்டிய ஒரு எஸ்டேட். தங்கமணிக்குப் பொள்ளாச்சி. முதலில் மாமியார் வீடு, பிறகு உடுமலை, மறையூர் வழியாக மூணாறு, அங்கிருந்து போடிக்கு இறங்கிப் பெரியப்பா வீடு, பிறகு மதுரையில் விமானம். இதுதான் திட்டம். மேற்குத் தொடர்ச்சி மலையின் கேரள விளிம்பை ஒட்டியே போகிற ரூட். டப்பா எதுவும் வைக்கப் போவதில்லை என்று மகளிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன். பாதி இடம் வனத்துறைக் காடு, மீதி எஸ்டேட். அனுமதியில்லாமல் ஒரு தீப்பெட்டிகூட வைக்க முடியாது. குறிப்பு மட்டும் எழுதுவது என்று ஒப்பந்தம்.

முதல் கல்லறை டாப்ஸ்லிப்பில். பாலக்காடு மாவட்டத்துப் பரம்பிக்குளத்துக்குக் கேரளத்துக்காரர்களே பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்ஸ்லிப் என்று தமிழ்நாட்டுக்குள் புகுந்துதான் போக வேண்டும். எல்லைக்கோடு போட்டவர்கள் மலையைக் கேட்டுப் போடவில்லை. வெட்டிய தேக்கு மரங்களை மேலேயிருந்து சரிவில் சறுக்கிவிட்டதால் டாப்ஸ்லிப் என்று பெயர். ஆனைமலைத் தேக்கு பம்பாய்க் கப்பல் துறைக்குப் போனது, பிறகு ரயில் தண்டவாளத்துக் கட்டைகளுக்குப் போனது. வெட்டி வெட்டிக் காடு காலியான பிறகு வந்த வன அதிகாரி ஹியூகோ வுட். அடியோடு வெட்டுவதை நிறுத்தி, அடிக்கட்டையிலிருந்து துளிர்க்கவிட்டார். கோட்டுப் பையில் தேக்கு விதையைப் போட்டுக்கொண்டு, நடக்கிற வழியெல்லாம் கைத்தடியால் குழி குத்தி விதை போட்டுக்கொண்டே போவார் என்று சொல்வார்கள். 1933-ல் குன்னூரில் இறந்தார். அவர் விருப்பப்படி இந்தத் தேக்குகளுக்கு நடுவே, மவுண்ட் ஸ்டூவர்ட் என்ற இடத்தில் புதைத்தார்கள்.

கல்லில் லத்தீன் வாசகம். மகளுக்கு உடனே பிடிபட்டுவிட்டது. லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தில் அதைக் கட்டிய கிறிஸ்டோபர் ரென்னின் சமாதியில் இருக்கும் அதே வாசகம். போன வருஷம்தான் பார்த்தோம். என் நினைவுச்சின்னத்தைத் தேடுகிறாயா, சுற்றிலும் பார் என்று பொருள். ரென்னுக்குச் சுற்றிலும் கல் கட்டடம். இவருக்குச் சுற்றிலும் தேக்கு. குறிப்பு எழுதுகிறவர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்! நோட்டை எடுத்துக் கிறுக்க ஆரம்பித்துவிட்டாள். 'லண்டனில் ஒரு கட்டடத்தைப் பார்க்கச் சொன்ன வரி, இங்கே எதைப் பார்க்கச் சொல்கிறது?'

திரும்பும் வழியில் என் மாமனார் ஒரு கேள்வி கேட்டார். மனிதர் பருத்தி கமிஷன் மண்டி வைத்திருந்தவர், அளந்துதான் பேசுவார். "அந்தத் துரை ஒரு ஆளு குத்துன குழியிலயா மாப்ள இத்தன காடு?" காடர்களும் மலசர்களும் யானைகளுமாக எத்தனை பேர் உழைத்திருப்பார்கள். வுட் நல்ல மனிதர், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் மாமனாரின் கேள்வி மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டது.

உடுமலையிலிருந்து சின்னாறு சோதனைச் சாவடி தாண்டினால் இடுக்கி மாவட்டம். மறையூரில் வண்டியை நிறுத்தி முனியறைகளைக் காட்டினேன். பாறை மேட்டில் பெரிய பலகைக்கற்களை நான்கு பக்கமும் நிறுத்தி, மேலே ஒரு கல்லை மூடியாகப் போட்ட அறைகள். முனிவர்கள் தவம் செய்த இடம் என்று ஊரில் சொல்வார்கள். தொல்லியல்காரர்கள் பெருங்கற்காலத்து ஈமச் சின்னங்கள் என்கிறார்கள். நம் ஊர் முதுமக்கள் தாழிக்கு உறவு. மகள் சுற்றிச்சுற்றி வந்தாள். "எழுத்தே இல்லையேப்பா, எப்படிக் குறிப்பு எழுதறது?" எழுத்து இல்லை, பெயர் இல்லை, வருஷம் இல்லை. ஆனால் இன்னும் நிற்கிறது.

மூணாறு. கிறிஸ்து ஆலயம், பழைய மூணாறு ரோட்டில், மேட்டின் மேல் கல் கட்டடம். இப்போது தென்னிந்தியத் திருச்சபையின் கையில் இருக்கிறது, தமிழிலும் ஆராதனை உண்டு. பின்னால் சரிவில் கல்லறைத் தோட்டம். பொதுவாகக் கோயில் முதலில் வரும், கல்லறை அப்புறம் வரும். இங்கே தலைகீழ். முதலில் வந்தது எலினோர் இஸபெல் மே என்ற இளம்பெண்ணின் கல்லறை. எஸ்டேட் மேனேஜர் ஹென்றி மேன்ஸ்பீல்ட் நைட்டின் மனைவி. கல்யாணமாகி இந்த மலைக்கு வந்த புதிதில், இந்த மேட்டில் நின்று சுற்றிலும் பார்த்து, நான் செத்தால் இங்கேயே புதையுங்கள் என்று விளையாட்டாகச் சொன்னாளாம். சில நாளில் காலரா. 1894 டிசம்பர், கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால் இறந்தாள். அவள் சொன்னபடியே மேட்டில் புதைத்தார்கள். விளையாட்டாகச் சொன்னாள் என்ற பகுதி மலையில் வழிவழியாகச் சொல்கிற கதை. சாவும் கல்லறையும் கதையல்ல. அவளைச் சுற்றி மற்ற துரைமார் குடும்பங்களின் கல்லறைகள் சேர்ந்தன. 1910-ல்தான் கீழே ஆலயத்துக்கு அடிக்கல் போட்டார்கள்.

மகளின் குறிப்பு: 'கோயிலைவிடப் பதினாறு வயது மூத்த பெண் யார்?' நல்ல கேள்விதான், இல்லையா?

இந்த மாதிரிக் கல்லறைகளைத் தேடிப்பிடித்துப் பட்டியல் போடுவது வெள்ளைக்காரர்களுக்குப் பழைய பழக்கம். ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி சென்னை மாகாணம் முழுவதும் இருந்த கல்லறை வாசகங்களைத் திரட்டி 1905-ல் புத்தகமாகவே போட்டார். 1976-ல் தியோன் வில்கின்சன் என்பவர் லண்டனில் ஒரு சங்கம் தொடங்கினார். தெற்காசியாவில் இருக்கிற ஐரோப்பியர் கல்லறைகளைப் பதிவு செய்வதும் பழுது பார்க்க உதவுவதும்தான் அதன் வேலை. குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. தங்கள் செத்தவர்களைத் தாங்கள் தேடுகிறார்கள், நியாயம்தானே. எனக்குப் பொறாமை, அவ்வளவுதான். டெவனில் இருந்துகொண்டே இஸபெல்லைப் பற்றி ஒரு சாயங்காலத்தில் இவ்வளவும் தெரிந்துகொள்ள முடிகிறது.

சரி, என் ஆட்களுக்கு வருகிறேன். எங்கள் பூட்டனும் பூட்டியும் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் காட்டிலிருந்து வந்தவர்கள். மலையின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1877-ல் ஜான் டேனியல் மன்றோ என்ற வெள்ளைக்காரர் பூஞ்சார் ராஜாவிடமிருந்து கண்ணன் தேவன் மலையைக் குத்தகைக்கு வாங்கினார். 1880 வாக்கில் ஏ.எச். ஷார்ப் பார்வதி எஸ்டேட்டில் முதலில் தேயிலை போட்டார். கொயினா, ஏலம், காப்பி என்று பலதும் முயன்று பார்த்துக் கடைசியில் தேயிலைதான் நின்றது. 1897-ல் கண்ணன் தேவன் கம்பெனி உருவானது. தேயிலைக்குக் கை வேண்டும், ஆயிரக்கணக்கில். கைகள் வந்தது மலைக்குக் கிழக்கே இருந்து. போடிநாயக்கனூர் வரை ஒரு நடை, அங்கிருந்து கொட்டகுடி, பிறகு செங்குத்தான ஏற்றத்தில் டாப் ஸ்டேஷன். சரக்குக்கு ரோப்வே இருந்தது. தேயிலைப் பெட்டி ரோப்வேயில் சொகுசாக இறங்கும். மனிதர்கள் தலைச்சுமையோடு ஏறுவார்கள்.

கூட்டி வருகிறவர் கங்காணி. சொந்த ஊருக்குப் போய், மழை பொய்த்த வருஷமாகப் பார்த்து, குடும்பத்துக்கு இவ்வளவு என்று முன்பணம் கொடுப்பார். பேங்க் கண்ணோடு பார்த்தால் அது ஒரு கடன். ஈடு என்ன? கடன் வாங்கியவரின் உடம்பு. வசூல் எப்படி? கூலியில் பிடித்தம். கங்காணிக்குத் தன் கீழ் வேலைக்கு இறங்குகிற ஒவ்வொரு தலைக்கும் கமிஷன். வேலையை விட்டுப் போனால்? பிரிட்டிஷ் இந்தியாவில் முன்பணம் வாங்கி வேலையை முடிக்காதவரைச் சிறைக்கு அனுப்ப 1859-லேயே ஒரு சட்டம் வந்துவிட்டது. 1925-ல்தான் அதை ரத்து செய்தார்கள். நான் எத்தனையோ கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். தவணை தவறினால் ஆளையே பிடித்து உள்ளே போடுகிற ஷரத்து உள்ள பத்திரம் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை.

பூட்டி எப்போது இறந்தாள் என்றால் எங்கள் வீட்டில் வருஷம் சொல்ல மாட்டார்கள். "வெள்ளத்துக்கு மறு வருசம்" என்பார்கள். வெள்ளம் என்றால் 1924 ஜூலை வெள்ளம். கொல்லம் ஆண்டு 1099 என்பதால் மலையாளத்தில் தொண்ணூற்றொன்பது வெள்ளம். மூணாறில் 1902-ல் ஒற்றைத் தண்டவாளமாகத் தொடங்கி 1908-ல் குட்டி ரயிலாக மாறிய குண்டளப் பள்ளத்தாக்கு ரயில் அந்த வெள்ளத்தோடு போனதுதான், திரும்ப வரவே இல்லை. ஆக பூட்டி செத்தது 1925. காய்ச்சல். அப்போது என் தாத்தாவுக்கு ஐந்து வயது. அவ்வளவுதான் தெரியும். அவள் பெயர்? அப்பாவைக் கேட்டேன், பெரியப்பாவைக் கேட்டேன். தாத்தா அவளை 'ஆத்தா' என்றே சொல்லியிருக்கிறார். பேரன்களுக்கு அவள் 'பெரிய ஆச்சி'. பெயரை யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவில்லை. செக்ரோலில் இருந்திருக்கும். தினமும் பெரட்டில் பெயர் கூப்பிட்டுத்தானே வேலைக்கு அனுப்பினார்கள். எஸ்டேட் ஆபீஸில் விசாரித்தபோது, அங்கிருந்த கிளார்க் நல்ல பையன், மரியாதையாகவே சொன்னார். "அவ்வளவு பழைய ரோல் ஒண்ணும் இங்க இல்லண்ணே."

நம் நாட்டில் பேங்க்கில் பத்து வருஷம் யாரும் தொடாத டெபாசிட்டை ரிசர்வ் பேங்க்கின் தனி நிதிக்கு மாற்றிவிடுவார்கள். 2014-ல் வந்த ஏற்பாடு. ஆனால் பெயரை அழிக்க மாட்டார்கள். எத்தனை வருஷம் கழித்து வாரிசு வந்து கேட்டாலும் பெயரை வைத்துத் தேடிக் கொடுக்க வேண்டும். ஐந்நூறு ரூபாய்க்கு உள்ள அந்தப் பாதுகாப்பு பூட்டிக்கு இல்லாமல் போயிற்றே என்று ஆபீஸ் வாசலில் நின்றபோது நினைத்துக்கொண்டேன்.

பெரியப்பா அன்று காலை பஸ்ஸிலேயே போடியிலிருந்து ஏறி வந்துவிட்டார். எழுபத்தெட்டு வயது. எஸ்டேட்டில் முப்பத்தைந்து வருஷ வேலை. ரிட்டயர் ஆனதும் லயத்து வீட்டைக் காலி பண்ணிக் கொடுத்துவிட்டுப் போடியில் வாடகைக்கு இருக்கிறார். மலையில் பிறந்து, மலையிலேயே உழைத்தவர்களுக்கு மலையில் ஆறடிகூடச் சொந்தம் கிடையாது. அதனால்தான் அவருக்கு அந்த மயானத்தின் மேல் தனிப் பாசம் போலிருக்கிறது. அது ஒன்றிலிருந்துதான் யாரும் காலி பண்ணச் சொல்ல மாட்டார்கள்.

"உங்க தாத்தா எனக்குச் சொன்ன அடையாளம் இருக்குலே" என்று நடந்துகொண்டே சொன்னார். "பெரட்டுக் களத்துலருந்து ஓடைய ஒட்டி எறங்கு. ஒத்தப் பாறை ஒண்ணு வரும், யானை படுத்த மாதிரி. அதுக்கு மேற்க, காலை வெயிலு மொதல்ல விழுற எடம். தலமாட்டுல மூணு கல்லு."

மகள் நின்றுவிட்டாள். "பெரிய தாத்தா, மறுபடி சொல்லுங்க." நோட்டை எடுத்தாள். டெவன் கல்லறைத் தோட்டத்துக் குறிப்புக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? ஐந்து வயதுப் பையன் ஒருவன் அம்மாவைப் புதைத்த இடத்தை மறக்கக் கூடாது என்று மனதில் போட்டு வைத்து, வளர்ந்து, எழுதப் படிக்கத் தெரியாமலே மகனுக்குக் கடத்திய குறிப்பு. நூறு வருஷம் தாங்கியிருக்கிறது.

இறங்கினோம். பெரட்டுக் களம் இருந்தது. ஓடை இருந்தது. பாறையும் இருந்தது, ஆனால் பாதி. எப்போதோ வண்டித்தடம் போட்டபோது யானையின் தலைப்பக்கத்தை உடைத்திருக்கிறார்கள். மேற்கே உன்னிச்செடியும் பெரணியும் இடுப்பளவு. அதைத் தாண்டி மேலே சில சிமெண்ட் கல்லறைகள், நாலைந்து சிலுவை, எல்லாம் 1970-க்குப் பிறகு உள்ளவை. பழையது எதிலும் எழுத்து இல்லை. எங்கே பார்த்தாலும் கல், எந்த மூன்று நம்முடையது என்று எப்படிச் சொல்வது? பெரியப்பா ஒரு குச்சியால் செடியை விலக்கி விலக்கிப் பார்த்தார். அட்டை ஏறியது. தங்கமணி உப்புப் பொட்டலத்தோடு மேட்டிலேயே நின்றாள். முக்கால் மணி நேரம் தேடியிருப்போம்.

"இந்த வட்டத்துக்குள்ளதான்" என்றார் பெரியப்பா கடைசியில். சூடம் கொளுத்தினார். பொதுவாகவே கும்பிட்டோம்.

மகள் கையில் யானை ஸ்டாம்பை வைத்துக்கொண்டு நின்றாள். "இங்க எந்த நோட்டுல குத்தறது?" என்றாள். நான் பதில் சொல்லவில்லை.

மூணாறுக்குத் திரும்பும் வழியில் பெரியப்பா பெட்டிமுடியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி, மலை சரிந்து லயங்களை மூடியது. 70 பேர். 66 உடல்கள் கிடைத்தன, நாலு பேர் கிடைக்கவே இல்லை. பலருக்குப் பூர்வீகம் கயத்தாறு. கரிசல் காட்டு ஆட்கள்தான், எங்களைப் போல. ராஜமலையில் வரிசையாகப் புதைத்தார்கள். ஒவ்வொரு வருஷமும் அந்தத் தேதியில் சொந்தக்காரர்கள் பூவோடு போகிறார்கள். அவர்கள் பெயர்கள் பேப்பரில் வந்தன, அரசாங்கக் கணக்கில் ஏறின. "அதுலயாச்சும் பேரு இருக்கு" என்றார் பெரியப்பா. அதைச் சொல்லிவிட்டு ரொம்ப நேரம் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். அந்த 'அதுலயாச்சும்' என்னை என்னவோ செய்தது.

போடிமெட்டு இறங்கி அவர் வீட்டில் இரண்டு நாள் தங்கல். தேனிப் பக்கம் வந்துவிட்டதால் ஒரு விஷயம் சொல்லியே ஆக வேண்டும். 2006-ல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் தமிழி எழுத்துள்ள நடுகற்களைக் கண்டெடுத்தார்கள். எழுத்துள்ள நடுகற்களில் நமக்குக் கிடைத்தவற்றில் மிகப் பழையவை, 2000 வருஷத்துக்கு மேல். அதில் ஒன்று கூடலூரில் நடந்த ஆநிரைச் சண்டையில் இறந்த அந்தவன் என்ற ஆளுக்கு நட்ட கல். மாட்டுச் சண்டையில் செத்த ஒரு சாதாரண ஆள்! ராஜா இல்லை, துரை இல்லை. அவன் பெயரும் செத்த காரணமும் இன்றைக்கும் கல்லில் இருக்கிறது. தொல்காப்பியம் கல்லைத் தேர்ந்தெடுப்பதிலிருந்து நடுவது வரை படிப்படியாக முறை சொல்கிறது. ஆக, செத்தவர் பெயரைக் கல்லில் வெட்டி வைப்பது வெள்ளைக்காரனிடமிருந்து நாம் கற்க வேண்டிய வித்தை இல்லை. மலையின் இந்த அடிவாரத்தில்தான் அது இருந்தது. இடையில் எங்கேயோ, முன்பணம் வாங்கி ஏறியவர்களுக்கு அது கிடைக்காமல் போயிருக்கிறது.

கிளம்புவதற்கு முந்தின ராத்திரி மகள் தன் நோட்டைச் சுத்தமாக எழுதி முடித்தாள். டாப்ஸ்லிப் ஒரு பக்கம், இஸபெல் ஒரு பக்கம். முனியறைக்குப் படம் மட்டும். கடைசிப் பக்கத்தில் தமிழில், கோணல்மாணலான எழுத்தில், பெரட்டுக் களத்திலிருந்து தொடங்கி எழுதியிருந்தாள். ஒத்தப் பாறையில் பாதிதான் இருக்கிறது என்பதையும் சேர்த்திருந்தாள். மூன்று கல் தெரியவில்லை, இந்த வட்டத்துக்குள்தான், இப்படிக்கு, தேதி. கீழே யானை முத்திரை.

பெரியப்பாவிடம் படித்துக் காட்டினாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நோட்டை வாங்கி விரலை வைத்துக்கொண்டு அவரும் ஒரு தரம் படித்தார்.

"மேற்கன்னு மட்டும் எழுதிட்ட. காலை வெயிலு மொதல்ல விழுற எடம்னு எழுதலயே. அத எழுதுத்தா."

எழுதினாள்.